தடுப்பூசி அட்டையில் ‘இன்ஃப்ளுயன்சா’ என்று இருக்கிறது. அப்படியானால் ஃப்ளூ ஊசி போட்டாயிற்றா?

செங்காந்தள் எழுதியது:

எங்கள் குழந்தைக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் போடும் தடுப்பூசி ஒன்றையும் நாங்கள் தவறவிட்டதில்லை. நேற்று என் மாமியார், “மழைக்காலம் வருகிறதே, ஃப்ளூவுக்கு ஓர் ஊசி உண்டாமே, அது போட்டாயிற்றா?” என்று கேட்டார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போட்ட ஐந்து நோய்த் தடுப்பூசிக்கு நேரே, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, கல்லீரல் அழற்சி பி ஆகியவற்றோடு ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி’ என்றும் இருந்ததால், போட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மனத்தில் ஐயம் எழுந்தது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டபோது, “அது வேறம்மா, இது வேற” என்றார். அவருக்கு முன்னால் இருபது தாய்மார்கள் குழந்தைகளோடு நின்றுகொண்டிருந்ததால் மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை. பெயர் ஒன்றாக இருக்கும்போது நோய் எப்படி வேறாகும்?

சோதனைக்கூடத்தான் எழுதியது:

அம்மா, செவிலியர் சொன்னது சரி. உங்கள் குழந்தைக்குப் போட்டிருப்பது ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி. சுருக்கமாக ‘ஹிப்’ என்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரக்கூடிய பாக்டீரியா அது. ஃப்ளூ காய்ச்சல் வைரஸால் வருவது. அதற்கான ஊசி அரசு அட்டவணையில் இல்லை. இந்தியாவில் ஹிப் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான், 2011 டிசம்பரில். அன்றிலிருந்தே இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பலர் வாயிலாகக் கேட்டு வருகிறேன். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் ஒன்றானதற்குக் காரணம் ஒரு பழைய பிழை. 1889இல் தொடங்கி உலகைச் சுற்றிவந்த காய்ச்சலின்போது, பெர்லினில் ராபர்ட் கோக்கின் கீழ்ப் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் மிகச் சிறிய கோல்வடிவ பாக்டீரியா ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டார். 1892இல் இன்ஃப்ளுயன்சாவுக்கு அதுவே காரணம் என்று அறிவித்தார். வைரஸ் என்ற பொருளை எவரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. அவர் கண்ட கோலுக்குப் பிற்காலத்தில் ‘இரத்தத்தை விரும்பும் இன்ஃப்ளுயன்சாக் கிருமி’ என்ற பொருளில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இரத்தத்தை விரும்புவது உண்மைதான். எங்கள் மேசையில் இதை வளர்ப்பதற்கு, அகார் என்னும் பாசிக்கூழில் கலந்த இரத்தத்தைச் சூடாக்கி, அணுக்கள் உடைந்து சாக்லேட் நிறம் வரும்வரை காத்திருப்போம். சாதாரண இரத்தத் தட்டில் தனியே விட்டால் இது சோம்பிப் போகும். ஆனால் அதே தட்டின் குறுக்கே ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் வேறொரு பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தால், கோட்டின் இரு ஓரங்களிலும் மட்டும் பனித்துளி போன்ற பொட்டுகள் முளைத்திருக்கும். கோட்டை விட்டு விலக விலகச் சிறுத்துக்கொண்டே போய், சற்றுத் தூரத்தில் தட்டு வெறுமையாகக் கிடக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் வெளிவிடும் சத்தை வைத்துத்தான் அவை பிழைக்கின்றன. தனித்து நிற்க முடியாத ஒன்றை, ஒரு கொள்ளைநோயின் தனிக்காரணி என்று உலகம் நாற்பது ஆண்டுகள் நம்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

1918இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலின்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இறந்தவர்களின் நுரையீரலில் ஃபைஃபரின் கோலைத் தேடியபோது சில ஊர்களில் அது கிடைத்தது. சில ஊர்களில் அதற்குப் பதிலாக நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற வேறு பாக்டீரியா கிடைத்தது. அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்றைய எல்லைகளைக் கொண்டு கணக்கிட்டால், 1911இல் 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1921இல் 25.1 கோடி ஆனது. நம் கணக்கெடுப்புகளில் மக்கள்தொகை இறங்கிய பத்தாண்டு அது ஒன்றே.

முடிச்சை அவிழ்த்தவை பன்றிகள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப் என்பவர் 1931இல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சல் கண்ட பன்றிகளின் சளியை, பாக்டீரியா நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்து நலமான பன்றிகளுக்குக் கொடுத்தபோது இலேசான நோயே வந்தது. ஃபைஃபரின் கோலுக்கு நெருங்கிய உறவான பன்றிப் பாக்டீரியாவை மட்டும் கொடுத்தபோது எதுவும் வரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் பண்ணைகளில் பன்றிகளைச் சாய்த்த அந்தக் கடும் நோய் அப்படியே வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1933இல், இலண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனிதக் காய்ச்சலின் வைரஸைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஃபைஃபர் குற்றவாளியைத் தவறாகக் காட்டினார் என்றாலும், அவர் காட்டிய ஆள் சம்பவ இடத்தில் இருந்தவன்தான்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பெனிசிலினைப் பற்றி 1929இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஃபைஃபரின் கோல் இடம்பெற்றிருக்கிறது. பெனிசிலின் மற்றப் பல பாக்டீரியாக்களை அழித்து இந்தக் கோலை விட்டுவிடுவதால், தொண்டைச் சளியிலிருந்து இதைப் பிரித்தெடுக்கப் பயன்படும் என்பது அவர் கண்ட பயன். பின்னால் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து, தவறான குற்றவாளியைத் தேடும் கருவியாக முதலில் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது.

கேள்விநாயகம் எழுதியது:

சுவையான வரலாறு, ஐயா. எனினும் 1918இல் ஆன்டிபயாடிக் கிடையாது. அதனால் பாக்டீரியா பெருகி மக்கள் மாண்டார்கள். இன்று ஊருக்கு ஊர் மருந்துக்கடை இருக்கிறது. ஆகவே வைரஸும் பாக்டீரியாவும் கூட்டுச் சேர்வது என்பது இன்றைக்குப் பழங்கதை என்றே நினைக்கிறேன். தவிர, அன்று இறந்தவர்கள் பாக்டீரியாவால்தான் இறந்தார்கள் என்று எப்படி அறுதியிட்டுச் சொல்கிறீர்கள்?

சோதனைக்கூடத்தான் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 1918–19இல் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்கள் மெழுகில் பொதிந்து பாதுகாக்கப்பட்டிருந்தன. மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபாசி ஆகியோர் அவற்றில் 58 பேருடைய திசுக்களை மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்தும், அக்காலத்தில் வெளியான 8,398 பிணக்கூறாய்வுகளின் குறிப்புகளைத் திரட்டியும் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிகப் பெரும்பாலோர் உயிரை முடித்தது, மூக்கிலும் தொண்டையிலும் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய நிமோனியாதான் என்பது அவர்கள் முடிவு.

அது பழங்கதை ஆகிவிடவும் இல்லை. 2009இல் வந்த பன்றிக்காய்ச்சலில் இறந்த 77 பேரின் திசுக்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது, 22 பேரிடம் பாக்டீரியாத் தொற்றும் உடனிருந்தது தெரிந்தது. எல்லா மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நாட்டில் இந்த நிலை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நெற்பயிர் காற்றில் அசைவதைப் போல ஒரே திசையில் அசையும் நுண்மயிர்கள் உண்டு. அவை சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், தொண்டையிலிருந்து கீழே நழுவும் நிமோகாக்கஸ் நுரையீரலை எட்டுவதற்குள் திருப்பி அனுப்பப்படுகிறது. ஃப்ளூ வைரஸ் இந்த மயிருள்ள செல்களையே கொன்று உதிர்க்கிறது. அதோடு, ஒரு செல்லிலிருந்து விடுபட்டு அடுத்ததற்குத் தாவ அது வைத்திருக்கும் நியூராமினிடேஸ் என்னும் நொதி, செல்களின் மேலும் சளியிலும் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை அறுத்துவிடுகிறது. உதிர்ந்த சர்க்கரை நிமோகாக்கஸுக்கு உணவாகிறது. அறுபட்ட இடம் அது ஒட்டிக்கொள்ளத் தோதாகிறது.

இவற்றைவிட எனக்கு வியப்பாக இருப்பது மூன்றாவது காரணம். நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் காவலிருக்கின்றன. வைரஸை எதிர்க்க நம் உடலே சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், இந்தக் காவலர்கள் பாக்டீரியாவைப் பற்றி விழுங்கும் திறனைக் குறைத்துவிடுகிறது என்று 2008இல் எலிகளில் காட்டினார்கள். வைரஸை வெல்லப் போகும் நாள்களில்தான் பாக்டீரியாவுக்கு வழி விரியத் திறந்து கிடக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து இந்த ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. அதனால்தான், ஐந்தாறு நாளில் காய்ச்சல் விட்டுத் தேறிக்கொண்டிருந்தவருக்கு மறுபடி குளிரோடு காய்ச்சல் ஏறி, மூச்சு வாங்கி, நெஞ்சு குத்தி, துரு நிறத்தில் சளி வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

நீங்கள் சொல்வதைப் படிக்கும்போது சென்ற ஆண்டு நினைவுக்கு வருகிறது. என் கணவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்த முதல் நாளே, தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். அவரும் இரண்டைப் போட்டுவிட்டு, உடம்பு தேறிவிட்டது என்று மூன்றாவதை அலமாரியில் வைத்துவிட்டார். அது இன்னமும் அங்கேயே இருக்கிறது. வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியா வரும் என்றால், முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லதுதானே? கடைக்காரர் செய்தது சரி என்றல்லவா ஆகிறது?

பாலாறு எழுதியது:

சரியில்லை, சகோதரி. நான் பொதுச் சுகாதாரம் படிப்பவள். எங்கள் வகுப்பிலும் இதே கேள்வி எழுந்தது. கொரோனா காலத்தில் இதை உலகமே செய்து பார்த்துவிட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்து ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான் என்றும், கொடுக்கப்பட்டதோ நான்கில் மூவருக்கு என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்களைக் கொன்று அடங்காதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ஏழாம் நாளில் உண்மையாகவே நிமோனியா வந்தால், அதைக் கொண்டுவருவது அந்த அடங்காத கூட்டமாக இருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு 2011இல் எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்துவிட்டு, பிறகு ஃப்ளூ வைரஸைச் செலுத்தியது. அந்த எலிகளால் வைரஸைச் சரியாக எதிர்க்க முடியவில்லை. குடலில் இருக்கும் பாக்டீரியா, நுரையீரலில் நடக்கும் போருக்கு எங்கிருந்தோ ஆயத்தம் செய்து வைக்கிறது. அலமாரியில் இருக்கும் மூன்றாவது மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவிடாதீர்கள்.

கேள்விநாயகம் எழுதியது:

ஒரு பக்கம் பாக்டீரியா கொல்கிறது என்கிறீர்கள், மறுபக்கம் காக்கிறது என்கிறீர்கள். மாத்திரையும் கூடாது என்றால் என்னதான் செய்வது? வைரஸ் வரும்வரை கைகட்டிக் காத்திருப்பதா?

சோதனைக்கூடத்தான் எழுதியது:

பாலாறு சொல்வதோடு உடன்படுகிறேன்; நிமோனியா என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடுவதும் அதே அளவு தவறு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விடை அந்த அட்டையிலேயே இருக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம் ஆகியவற்றுக்கு நேரே ‘பிசிவி’ என்று எழுதியிருக்கும், பாருங்கள். அது நிமோகாக்கஸுக்கு எதிரான ஊசி. 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் வந்தது. இதன் மூத்த வடிவம் ஒன்றைத் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் சுமார் 37,000 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெற்று ஊசி. மாதியும் க்ளுக்மனும் 2004இல் வெளியிட்ட முடிவில், வைரஸ் இருப்பது சோதனையில் உறுதியாகி நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை, முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களிடையே 31 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஊசியில் வைரஸுக்கு எதிராக ஒரு துளியும் கிடையாது. ‘வைரஸ் நிமோனியா’ என்று பெயரெழுதிப் படுக்கையில் போட்ட குழந்தைகளில் கணிசமானோருக்கு நிமோகாக்கஸும் உள்ளே இருந்திருக்கிறது என்பதை, சோதனைக்குழாய் காட்டாததை, தடுப்பூசி காட்டிக்கொடுத்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ அறிக்கைகளில் ‘பாக்டீரியா வளரவில்லை’ என்று கையொப்பமிட்டிருக்கிறேன். இந்த ஆய்வைப் படித்தபோது அந்தக் கையொப்பங்கள் எல்லாம் நினைவில் வந்து உறுத்தின.

வடமராட்சியான் எழுதியது:

அட்டையைப் பற்றிய பேச்சு என்பதால் நானும் ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் தட்டம்மை என்பதை எங்கள் ஊரில் சின்னமுத்து என்போம். நீங்கள் சின்னம்மை என்பது எங்களுக்குக் கொப்புளிப்பான். சின்னமுத்து வந்து எழும்பிய பிள்ளை அந்த வருடம் முழுக்கச் சளியும் வயிற்றோட்டமுமாகத்தான் இருக்கும் என்று என் அம்மம்மா சொல்லுவார். அவர் சொன்னதற்கு விஞ்ஞானம் மிகப் பிந்தித்தான் விளக்கம் கொடுத்தது.

வியன்னாவில் க்ளெமென்ஸ் ஃபொன் பிர்கே என்ற வைத்தியர், காசநோய்க் கிருமியின் சாற்றைத் தோலில் இட்டால் தடித்துக் காட்டும் பிள்ளைகளுக்கு, சின்னமுத்து வந்திருக்கும் நாட்களில் மட்டும் அந்தத் தடிப்பு எழாமல் போவதை 1908இலேயே எழுதி வைத்தார். உடல் தன் பழைய எதிரியை மறந்துவிட்டது என்பதற்கு அது முதற்சாட்சி. 2019இல், தடுப்பூசி போடாத 77 நெதர்லாந்துப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சின்னமுத்து வருமுன்பும் வந்தபின்பும் ஒப்பிட்ட மைக்கல் மினாவின் குழு, முன்பு வெவ்வேறு வைரசு, பற்றீரியாக்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 வீதம் வரை அழிந்துபோயிருந்ததைக் கண்டது. அந்த வைரசு ஒட்டிக்கொள்ளும் கொளுக்கி, நினைவைச் சுமக்கும் வெள்ளணுக்களின் மேலேயே இருக்கிறது. அவற்றுக்குள் புகுந்து அவற்றையே அழிக்கிறது. சின்னமுத்தில் இறக்கும் பிள்ளைகளில் அதிகமானோர் சிவந்த தடிப்புகளால் இறப்பதில்லை. பின்னால் வரும் நியூமோனியாவும் வயிற்றோட்டமும்தான் கொண்டுபோகின்றன.

செங்காந்தள் எழுதியது:

ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்தார்கள். அன்று மாலை குழந்தைக்கு இலேசாகச் சுட்டதும் நான் பயந்துபோய், இனி அடுத்த ஊசியே வேண்டாம் என்று சொல்லி வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டேன். ஐயா, அப்படியானால் அந்த ஒரு ஊசி, பிசிவியும் ஹிப்பும் சேர்த்து வைத்ததையும் காக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வடமராட்சியான் எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், தங்கச்சி. தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த வைரசு; நினைவை அது அழிப்பதில்லை.

பாலாறு எழுதியது:

அட்டையில் மிச்சமிருப்பது போலியோ. என் ஊருக்கு நெருக்கமான கதை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஐரோப்பாவில் மூன்று முறை சொட்டு மருந்து கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிட, இங்கே அதே மூன்று சொட்டு பலருக்குப் ‘பிடிக்கவில்லை’, அதாவது எதிர்ப்புத்திறன் வரவில்லை என்பதை 1970களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தி. ஜேக்கப் ஜான் கண்டறிந்தார். ஏன் என்பது நீண்டநாள் புதிர். 2011இல் அமெரிக்காவின் டல்லாசில், குடல் பாக்டீரியா இல்லாத எலிகளில் போலியோ வைரஸ் தடுமாறுகிறது, பாக்டீரியாவின் மேலுறைச் சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு அது உறுதி பெறுகிறது என்று ஓர் ஆய்வகம் காட்டியது. ஆய்வகத்தை நடத்தியவர் பெயர் ஜூலி ஃபைஃபர். பழைய ஃபைஃபரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அதே ஆண்டு, ஃப்ளூவை எதிர்க்கக் குடல் பாக்டீரியா உதவுகிறது என்று யேல் சொன்னது. போலியோவுக்கு அது துணைபோகிறது என்று டல்லாஸ் சொன்னது. கேள்விநாயகம் ஐயா கேட்ட முரண்பாட்டுக்கு, எந்த வைரஸ், எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை இல்லை.

பிறகு வேலூரிலேயே ஒரு சோதனை நடந்தது. குடலில் உள்ள தீய பாக்டீரியாக்களால்தான் சொட்டு மருந்து பிடிக்கவில்லையோ என்று, ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைகளுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்துவிட்டுப் போலியோச் சொட்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. தீய பாக்டீரியாக்கள் குறைந்தன, குடல் அழற்சி தணிந்தது; சொட்டு மருந்து மட்டும் முன்னைவிட நன்றாகப் பிடிக்கவில்லை. குடலில் முன்பே குடியிருந்த என்டெரோவைரஸ்கள் என்னும் வேறு குடல் வைரஸ்கள்தான் சொட்டு மருந்துக்கு இடம் கொடுக்காமல் தடுத்தன என்பது புலப்பட்டது. செங்காந்தள் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே மாத்திரைதான்!

சோதனைக்கூடத்தான் எழுதியது:

ஐந்து நோய்த் தடுப்பூசியின் முதல் பெயரை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தொண்டை அடைப்பான் பாக்டீரியாவால் வருவது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறத் திரையைப் படரவிட்டு இதயத்தையும் தாக்கும் அந்த நஞ்சைச் செய்யும் மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதன்று. பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ் ஒன்று கொண்டுவந்து வைத்தது. நஞ்சில்லாத பாக்டீரியாவில் அந்த வைரஸைத் தொற்றவிட்டு, நஞ்சுள்ளதாக அது மாறுவதை ஃப்ரீமன் 1951இல் காட்டினார். காலரா நஞ்சின் கதையும் அப்படியே என்று 1996இல் தெரிந்தது. ஆக, இந்த ஊசி தடுப்பது பாக்டீரியா நோயையா வைரஸ் நோயையா என்று தேர்வில் கேட்டால் நான் இரண்டு மதிப்பெண்ணையும் விட்டுவிடுவேன்.

கேள்விநாயகம் எழுதியது:

பழங்கதை என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரையும் உண்டு. ஃப்ளூ, நிமோகாக்கஸ் இரண்டு ஊசியும் எனக்கும் உரியவைதாமா என்று நாளை என் மருத்துவரைக் கேட்கப் போகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழந்தை மருத்துவரைப் பார்த்தேன். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடலாம் என்றும், முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்றும் சொன்னார். வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் மாறுகிறதாம். ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டும் முடிந்துவிட வேண்டும் என்று இன்றே முதல் தவணையைப் போட்டாயிற்று. அரசு அட்டையில் அதற்குக் கட்டம் இல்லாததால், ஓரத்தில் பேனாவால் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்துவிட்டு, “அன்றைக்குப் போட்டாயிற்று என்றாயே, அது எது?” என்று கேட்டார்கள். 1892இலிருந்து தொடங்கியிருக்கிறேன், இப்போதுதான் பன்றிகள்வரை வந்திருக்கிறோம்.